இருபத்தெட்டு நாள் கூண்டு

கூண்டுகளுக்கு மட்டும் பொட்டு வைக்கக் கூடாது என்று ஆய்வகத் தலைவர் ஜானகி மேடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அது இரண்டாயிரத்து மூன்றாம் வருஷத்து ஆயுத பூஜை. ஆய்வகத்தில் தராசுக்கும், குளிர்பெட்டிக்கும், கதவுப் பூட்டுக்கும்கூடப் பச்சைமுத்து மாமா சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தார். ஜீப் ஓட்டும் அலெக்சாண்டர் தன் வண்டியின் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்கச் சொல்லிவிட்டு, நெற்றியில் சிலுவையும் போட்டுக்கொண்டான். "ரெண்டு பக்கமும் சொல்லி வெச்சுட்டா சேஃப்டி மாமா" என்றான். மூலையில் அடுக்கியிருந்த ஐந்து எஃகுக் கூண்டுகள் மட்டும் வெறும் நெற்றியோடு நின்றன. குங்குமமோ சூடப்புகையோ பட்டால் உள்ளே வைக்கிற பட்டை அதையும் சேர்த்துக் குடித்துவிடும், கணக்கு கெட்டுவிடும் என்பது மேடத்தின் பயம்.

தமயந்திக்கு மனசு கேட்கவில்லை. மூன்றாவது கூண்டு அவள் தன் கையாலேயே கழுவி, உலர்த்தி, திருகு முடுக்கிய முதல் கூண்டு. வேலைக்குச் சேர்ந்து நாலு மாசம்தான் ஆகியிருந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் அதன் அடி வளையத்தில் ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டை மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டிவிட்டாள். குங்குமம்தானே கூடாது, கயிறு என்ன செய்யும் என்று நினைத்தாள். இரண்டு நாள் கழித்து அந்தக் கூண்டு ஆனேக்கல் பக்கத்தில் தென்பெண்ணை ஆற்றுக்குள் இறங்கியது.

ஆற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் மொண்டுவந்து சோதித்தால் அந்த ஒரு நிமிஷத்துத் தண்ணீரின் கதைதான் தெரியும். மேல்கரையில் இருக்கிற ரோஜாப் பண்ணை மருந்துத் தொட்டியைச் சனிக்கிழமை கழுவி விட்டால், திங்கட்கிழமை மொள்ளுகிற பாட்டிலில் ஒன்றும் இருக்காது. அதற்காகத்தான் கூண்டு. அதற்குள் விரல் அகலத்துக்கு நீள நீளமான பிளாஸ்டிக் பட்டைகள் சுற்றியிருக்கும். பட்டைக்குள் மெல்லிசாகக் கொழுப்பெண்ணெய். தண்ணீருக்கு அடியில் இருபத்தெட்டு நாள் சும்மா கிடக்கும். மீன் கொழுப்பில் விஷம் சேருகிற மாதிரி, வந்துபோன பூச்சிமருந்தெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அதில் சேரும். "நாம தூங்குனாலும் அது தூங்காது பாப்பா" என்பார் பச்சைமுத்து மாமா. கோலார் தங்கவயலில் சுரங்கம் மூடியபின் பெங்களூருக்கு வந்தவர். தமயந்தியின் அப்பாவும் அவரும் ஒரே லைன் வீட்டில் வளர்ந்தவர்கள். இந்த வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

ஊரில் யாருக்கும் சொல்லக் கூடாது என்பது மேடத்தின் இன்னொரு கட்டளை. "பண்ணைக்குத் தெரிஞ்சா இருபத்தெட்டு நாளும் நல்ல பிள்ளைங்களா இருப்பாங்க. யார் கேட்டாலும் தண்ணி மட்டம் பாக்கறோம்னு சொல்லுங்க." அப்படியே சொன்னார்கள்.

பத்தொன்பதாம் நாள் கூண்டின் சங்கிலியைச் சரிபார்க்கப் போனார்கள். தீபாவளிக்கு மறுநாள். ஓசூர் ரோட்டில் வழிநெடுகப் பட்டாசுக் காகிதம் சிவப்பாகக் கிடந்தது. ஆற்றோரத்து ஊருக்குள் நுழைந்ததும் அந்தச் சிவப்பு நின்றுபோனது. ஒரு வாசலிலும் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

"யாரோ போய்ட்டாங்க போல" என்றான் அலெக்சாண்டர்.

மாமா செருப்பைக் கழற்றி ஜீப்பில் போட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சரிவில் இறங்கினார். தமயந்தி ஜீப்பின் பின்கதவைத் திறந்து, தேதியும் நேரமும் எழுதத் தாளை எடுத்தாள். இரண்டு வரி எழுதியிருப்பாள். கீழே ஆற்றுப் பக்கம் துணி துவைப்பது போல் ஒரு சத்தம் கேட்டது. ஒருதடவை. மறுபடி ஒருதடவை. மூன்றாவது தடவை சத்தத்தோடு மாமாவின் குரலும் வந்தது.

அவள் சரிவின் விளிம்புக்கு ஓடிவந்து பார்த்தாள். இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். கூண்டு மணலில் கவிழ்ந்து கிடந்தது. உள்ளே இருந்த பட்டைகளையெல்லாம் உருவி ஒரு முட்செடியின் மேல் போட்டிருந்தார்கள். எண்ணெய் மினுங்க, வெள்ளையாக, நீளமாக, அவை அறுத்த ஆட்டின் குடல் போலத் தொங்கின. மாமா முழங்காலில் நின்றார். கூண்டைக் கட்டிய சங்கிலியை இரண்டாக மடித்து ஒருவன் அவர் முதுகில் வீசிக்கொண்டிருந்தான். சங்கிலி விழுந்த இடத்திலெல்லாம் சட்டை கிழிந்து சதையோடு ஒட்டிக்கொண்டது.

"யார்ரா சூனியம் வெச்சது? யாரு குடல்ரா இது? சொல்றா!"

"ஐயா, அது பிளாஸ்டிக்யா... தண்ணி மட்டம் பாக்கறதுயா..."

"தண்ணி மட்டம் பாக்கறதுக்கு மஞ்சக் கயிறு எதுக்குடா பேமானி?"

சங்கிலிக்காரன் கூண்டைக் காலால் புரட்டினான். அடி வளையத்தில், சேறு படிந்து கறுத்துப்போய், மஞ்சள் துண்டு தொங்கியது.

தமயந்தி கட்டியது. மாமாவும் அந்தக் கயிற்றை இப்போதுதான் பார்க்கிறார். அவர் முகத்தில் ஒரு குழப்பம் வந்தது. அந்தக் குழப்பத்தைத் திருட்டுமுழி என்று எடுத்துக்கொண்டு இன்னொருவன் அவர் தாடையில் உதைத்தான். பல் தெறித்து மணலில் விழுந்தது.

"ஏறு, ஏறு வண்டியில!" அலெக்சாண்டர் ஜீப்பைத் திருப்பி நிறுத்தியிருந்தான்.

"மாமா அங்க..."

"நாம ரெண்டு பேர் போயி இன்னா பண்ணுவோம்? சவமாத்தான் வருவோம். ஏறு, ஸ்டேஷனுக்குப் போலாம்."

அவள் ஏறவில்லை. அவன் ஒரு கணம் பார்த்தான். தலையில் அடித்துக்கொண்டு கியரைப் போட்டான். புழுதி அடங்குவதற்குள் வண்டி கண்ணுக்கு மறைந்தது.

தமயந்தி உரக்கப் பேசிப் பழகாதவள். பஸ்ஸில் கண்டக்டரிடம் இறங்கும் இடத்தைச் சொல்ல நா எழாமல் இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்து வந்திருக்கிறாள். அப்படிப்பட்டவள் சரிவில் சறுக்கி இறங்கி, அந்த ஆண்களுக்கு நடுவே போய் நின்று, "அந்தக் கயித்த நான்தான் கட்டுனேன்" என்றாள்.

யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி கத்தினாள். குரல் உடைந்து கீச்சென்று வந்தது. "நான்தான் கட்டுனேன்! அவருக்குத் தெரியாது! ஆயுத பூஜைக்குக் கட்டுனது!"

சங்கிலி நின்றது. எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது.

கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அதுவரை அசையாமல் இருந்தவள். தலை வாரி நாலு நாள் ஆகியிருக்கும். எழுந்து வந்தாள். தமயந்தியின் பின்னலைக் கையில் சுற்றி இழுத்து, முகத்தை மணலில் அழுத்தினாள். மூக்கு வாயெல்லாம் மணல் ஏறியது.

"எம்புள்ள உனக்கு இன்னாடி பண்ணான்? ஆறு வயசுடி அவனுக்கு! ஆறு வயசு!"

அவள் பெயர் சம்பூர்ணம் என்பதும், அவள் மூத்த பிள்ளை நாலு நாளைக்கு முன் செத்துப்போனான் என்பதும், அவளை விலக்கிவிட்டவர்களின் பேச்சிலிருந்து தமயந்திக்குத் தெரிந்தது. பண்ணைக் கால்வாய் ஆற்றில் விழுகிற இடத்தில் மீன் செத்து மிதந்திருக்கிறது. பையன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மீன் பொறுக்கியிருக்கிறான். தாகத்துக்கு மணலில் தோண்டிய ஊற்றுக்குழியிலேயே குடித்திருக்கிறான். வீட்டுக்கு வந்து வாந்தி. வாயில் நுரை. கை கால் வெட்டி வெட்டி இழுத்து, ஆனேக்கல் பஸ்ஸிலேயே அம்மா மடியில் அடங்கிவிட்டான். அதே வாரம் இரண்டு உழவு மாடு. ஊர்க் குழாய் வறண்டு வருஷமாகிறது. எல்லா வீட்டுக்கும் அந்த ஊற்றுக்குழிதான்.

"நான் அன்னைக்கே சொன்னேன் அல்லவா?" என்றது ஒரு குரல். சலவைச் சட்டையும் கைக்கடிகாரமுமாக ஒருவன் மேட்டில் நின்றான். பண்ணை மேஸ்திரி நாகேஷ், கன்னடக்காரன். "மாட்டுக்கு ஒரே நாள்ல அப்படி ஆகுமா? புள்ளைக்கு ஆகுமா? இது மந்த்ரவாதி வேலைன்னு. நம்ம பண்ணை ஆளுங்க காலையில கால்வாய் சுத்தம் பண்றப்ப இந்தப் பொட்டி கெடச்சுது, கொண்டுவந்து கொடுத்தோம். இனி ஊர்க்காரங்க பாத்துக்கோங்க, நான் நடுவுல வரமாட்டேன்."

தமயந்தி மணலைத் துப்பினாள். "சூனியம் இல்லீங்க. தண்ணியில பூச்சிமருந்து கலக்குதான்னு பாக்கற பொட்டி இது. பண்ணையில இருந்து மருந்து வருதுன்னுதான்..."

"கேட்டீங்களா?" நாகேஷ் சிரித்தான். "மாட்டிக்கிட்ட ஒடனே பண்ணை மேல போடறா. கெட்டிக்காரப் பொண்ணு, புத்திசாலி ஹுடுகி."

"வாய்ல பேசி ஆகாது" என்றார் கூட்டத்தில் ஒரு பெரியவர். "தண்ணியில ஏதோ வெச்சவ அந்தத் தண்ணியக் குடிக்கமாட்டா. குடிக்கச் சொல்லு. குடிச்சுட்டா ரெண்டு பேரையும் விட்டுடலாம்."

அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. ஒருத்தி ஊற்றுக்குழியில் ஒரு செம்பு மொண்டுவந்து சம்பூர்ணத்தின் கையில் கொடுத்தாள். சம்பூர்ணம் அதைத் தமயந்தியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

தண்ணீர் தெளிவாக இருந்தது. தமயந்திக்குத் தெரியும், அந்த ஒரு செம்பில் அவள் சாகமாட்டாள். மீன் செத்த நாளின் தண்ணீர் எப்போதோ ஓடிப் போய்விட்டது. குடித்துவிட்டால் மாமாவை விட்டுவிடுவார்கள். ஆனால் குடித்துவிட்டால், இந்த இருபது பேரும் வீட்டுக்குப் போய், தண்ணீர் நல்ல தண்ணீர்தான் என்று சொல்லிப் பிள்ளைகளுக்கு மொண்டு கொடுப்பார்கள்.

"குடிக்கமாட்டேன்" என்றாள். "நீங்களும் குடிக்காதீங்க. இந்தத் தண்ணி கெட்டது."

சம்பூர்ணம் கண் இமைக்காமல் அவளைப் பார்த்தாள்.

சங்கிலிக்காரன் அதற்கு மேல் காத்திருக்கவில்லை. மாமாவின் வலது கையை இழுத்துப் பாறைமேல் வைத்தான். இன்னொருவன் மணிக்கட்டை மிதித்துக்கொண்டான். ஒரு கல் உயர்ந்து இறங்கியது. பச்சைக் கரும்பை ஒடிக்கிற மாதிரி ஒரு சத்தம். மாமா கத்தவில்லை, மூச்சை உள்ளே இழுத்தார், அது திரும்பி வரவேயில்லை என்று தோன்றியது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் பாறையோடு பாறையாக நசுங்கியிருந்தன.

"இன்னும் மூணு விரல் இருக்குது. குடிக்கிறியா?"

"அந்தாளக் குடிக்கச் சொல்லுங்க!" தமயந்தி நாகேஷைக் கைகாட்டினாள். "தண்ணியில ஒண்ணும் இல்லன்னு சொல்றார் இல்ல? அவர் குடிக்கட்டும்! தொட்டி கழுவி வுடறது அவர் ஆளுங்கதான், அவருக்குத் தெரியும், குடிக்கமாட்டார்!"

கூட்டம் முதல்முறையாகத் தயங்கியது. சிலர் மேட்டைப் பார்த்தார்கள். சம்பூர்ணம் செம்போடு மேட்டின்மேல் ஏறினாள்.

நாகேஷ் செம்பை வாங்கினான். பார்த்தான். அண்ணாந்து, கடகடவென்று, கடைசிச் சொட்டுவரை குடித்தான். வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு செம்பைக் கவிழ்த்துக் காட்டினான்.

"சக்கரை மாதிரி இருக்கு. எங்க பண்ணை ஆளுங்களும் இதத்தான் குடிக்கிறாங்க. போதுமா?"

கூட்டத்தில் ஒருவன் கை தட்டினான். நாகேஷுக்கு உண்மையிலேயே தெரியாதோ என்றுகூட அந்தக் கணத்தில் அவளுக்குத் தோன்றியது. தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன. ஒரு செம்பு ஒன்றையும் காட்டாது. காட்டுகிற பட்டைகள் முட்செடியில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. அதை இவர்களுக்கு எந்த வார்த்தையில் சொல்வது?

கல் மறுபடி உயர்ந்தது. "பாப்பா" என்றார் மாமா. அவ்வளவுதான் சொன்னார். குடி என்றும் சொல்லவில்லை, குடிக்காதே என்றும் சொல்லவில்லை. கல் இறங்கியது. இந்தத் தடவை அவர் கத்தினார். ஆற்றின் அக்கரைக்கும் கேட்டிருக்கும். கத்தல் முடிந்ததும் தலை தொங்கியது, மூக்கிலிருந்து ரத்தம் நூலாக இறங்கியது.

"குடிக்கிறேன்! நிறுத்துங்க! குடிக்கிறேன்!"

அவளே ஓடிப்போய் ஊற்றுக்குழியில் இரண்டு கையாலும் அள்ளினாள். ஒரு வாய், இரண்டு வாய், மூன்று வாய். மணலும் மண்வாசனையும்தான். மருந்து வாடை துளியும் இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் நுரை தள்ளவில்லை, கீழே விழவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

கூட்டத்தின் கோபம் சட்டென்று இறங்கிப்போனது. இப்போது எல்லோருக்கும் வீட்டு வேலை ஞாபகம் வந்தது. சங்கிலிக்காரன் சங்கிலியைத் தூரப் போட்டான். "மொதல்லயே குடிச்சிருந்தா இவ்ளோ ஆகியிருக்குமா? கிழவனை நீயே கெடுத்துட்ட" என்று அவளையே திட்டினான். பெரியவர் கூண்டை ஆற்றில் தூக்கிப் போடச் சொன்னார். பட்டைகளைக் குவித்து ஒருவன் நெருப்பு வைத்தான். பத்தொன்பது நாள் குடித்ததெல்லாம் கறுப்புப் புகையாகப் போயிற்று. நாகேஷ் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பண்ணைப் பக்கம் நடந்தான்.

தமயந்தி மாமாவின் தலையை மடியில் சாய்த்து, தாவணி முனையைக் கிழித்து அவர் கையைச் சுற்றினாள். துணி சுற்றச் சுற்ற நனைந்தது. மாமாவுக்கு மூச்சு இருந்தது. கண் திறக்கவில்லை.

பின்னால் நிழல் விழுந்தது. சம்பூர்ணம். செம்பு இன்னும் அவள் கையில்தான் இருந்தது. அதில் நிறையத் தண்ணீர் மொண்டிருந்தாள்.

"தோ பாரும்மா" என்றாள். குரலில் கோபம் இல்லை. "எனக்கு இன்னொண்ணு இருக்குது. பொட்டப்புள்ள. ரெண்டு வயசு. காலையில இருந்து தண்ணி தண்ணின்னு அழுவுது. நீயும் குடிச்ச, அந்தாளும் குடிச்சான். அப்ப குடுக்கலாமில்ல?"

சரிவின் மேல் இன்னும் ஏழெட்டு ஆண்கள் பீடி பற்றவைத்துக்கொண்டு நின்றார்கள். ஆம் என்று தலையை ஆட்டினால் போதும். ஜீப் வந்துவிடும். மாமாவைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விடலாம். மாற்றிச் சொன்னால், இவள் ஒரு கூச்சல் போட்டால், அந்தக் கல் அங்கேயேதான் கிடக்கிறது.

"குடுக்காதீங்கக்கா" என்றாள் தமயந்தி. உதடு மட்டும்தான் அசைந்தது. "அவரை விடறதுக்காகக் குடிச்சேன். ஒரு வாயில தெரியாது. தினம் தினம் குடிச்சா உள்ள சேரும். பண்ணையில தொட்டி கழுவுற அன்னைக்குக் குடிச்சா ஒரே நாள்ல... கொழந்தைக்குக் குடுக்காதீங்க."

சம்பூர்ணம் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பொட்டிய எப்ப கட்டுனீங்க?"

"பத்தொம்பது நாள் ஆச்சுக்கா."

"அப்பவே தெரியுமா, தண்ணி கெட்டதுன்னு?"

"தெரியாது. சந்தேகம்... இருபத்தெட்டு நாள் ஆனாத்தான் உறுதியா..."

"சந்தேகம் இருந்துச்சு."

"ஆமாக்கா."

"எங்கிட்ட தண்ணி மட்டம்னு சொன்னீங்க. அன்னைக்கு இங்க துணி தொவச்சிட்டிருந்தேன். நாந்தான் கேட்டேன். எம்புள்ள பக்கத்துல நின்னுட்டிருந்தான். அந்தப் பொட்டிய அவன் தொட்டுக்கூடப் பாத்தான். தண்ணி மட்டம்னு சொன்னது இந்தாளுதான்."

தமயந்திக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. பையனின் முகம் வரவில்லை.

சம்பூர்ணம் செம்பை ஓங்கி அவள் வாயிலேயே அடித்தாள். பித்தளை விளிம்பு உதட்டைக் கிழித்துப் பல்லில் இடித்தது. தண்ணீரும் ரத்தமும் கழுத்தில் வழிந்தன. தமயந்தி கையை உயர்த்தித் தடுக்கவில்லை. இரண்டாவது அடி கன்ன எலும்பில் விழுந்தது. மூன்றாவதை ஓங்கிய சம்பூர்ணம், கீழே விடாமல் அப்படியே நின்றாள். பிறகு செம்பைத் தூக்கிப் பாறையில் அடித்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

ஊற்றுக்குழியில் மூன்று பெண்கள் பிளாஸ்டிக் குடங்களோடு தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார்கள். சம்பூர்ணம் நேராகப் போய் முதல் குடத்தை உதைத்தாள். அது உருண்டு தண்ணீர் கொட்டியது. இரண்டாவதைப் பிடுங்கித் தரையில் அறைந்தாள். குடம் வாய்விட்டுப் பிளந்தது. "பைத்தியமாடி உனக்கு?" என்று ஒருத்தி அவள் முடியைப் பிடித்தாள். சம்பூர்ணம் அவள் தோளைக் கடித்துவிட்டு மூன்றாவது குடத்தின்மேல் விழுந்தாள். மேட்டிலிருந்து ஆண்கள் ஓடி வந்தார்கள். சங்கிலிக்காரன் அவளை இடுப்போடு தூக்கினான், அவள் அவன் முகத்தைக் கீறினாள். அவன் கீழே போட்டு மிதித்தான். அவள் எழுந்து, இரண்டு கையாலும் மணலை வாரி வாரி ஊற்றுக்குழிக்குள் தள்ள ஆரம்பித்தாள். அவர்கள் அடிக்க அடிக்கத் தள்ளினாள்.

தூரத்தில் ஜீப் சத்தம் கேட்டது. தமயந்தி மாமாவின் தலையை மடியிலிருந்து மெதுவாக மணலில் இறக்கிவைத்தாள். வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பினாள். எழுந்து ஊற்றுக்குழிப் பக்கம் ஓடி, சம்பூர்ணத்துக்கு எதிரே மண்டிபோட்டு, தானும் மணலை வாரித் தள்ளினாள்.